மங்கை அக்காவின் மலைச் சைக்கிள்

துணிக்கடையில் நிற்பவரிடம் துணியைக் காட்டச் சொல்வார்கள்; மின்சாரச் சைக்கிள் கடையில் நிற்கும் என்னிடம் வருகிறவர்கள் தங்கள் முழங்காலைக் காட்டுவார்கள். வெம்பிளியில் இந்தக் கடைக்கு வந்த நாளிலிருந்து நான் பார்த்த முழங்கால்களை ஒரு வைத்தியரும் பார்த்திருக்க மாட்டார். "அந்தக் காலத்தில நான் ஓடாத ஓட்டமோ தம்பி" என்று தொடங்குவார்கள். லண்டனுக்கு வந்து கார் வாங்கி, கார் அவர்கள் வயிற்று வண்டியை வளர்த்து, அந்த வண்டியைக் குறைக்கத் திரும்பவும் சைக்கிளுக்கு வந்து நிற்கிறவர்கள் இவர்கள்.

கவுண்டருக்குப் பின்னால் நின்று பிழைக்கும் என் சக பாவிகளே, உங்களுக்கு இது விளங்கும். வருகிறவர்களில் பாதிப் பேர் மழைக்கு ஒதுங்குகிறவர்கள், மீதிப் பேர் கதைக்க ஆள் இல்லாதவர்கள். ஆனால் எப்போதாவது மங்கை அக்கா மாதிரி ஒருவர் வருவார். அவரை நினைத்து இன்றைக்கும் ஜூபிலி பாதாள ரயிலில் நான் தனியாகச் சிரிப்பதும், பக்கத்திலிருப்பவர் எழுந்து வேறு இடம் தேடுவதும் வழக்கம்.

அளவு எடுத்த கால்

தவராசா அண்ணையும் அவர் மனைவி மங்கை அக்காவும் கிங்ஸ்பரியிலிருந்து வந்தார்கள். அண்ணை நேரே போய் நடுவில் நின்ற மின்சார மலைச் சைக்கிளைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். சம்பந்தம் பேச வந்தவர் மாப்பிள்ளையைப் பார்ப்பது போல ஒரு பார்வை. டயரைப் பெருவிரலால் அமத்தினார். சட்டத்தைத் தட்டிப் பார்த்தார். எந்த நாட்டுச் சாமான் என்று கேட்டார். கையில் அகப்பட்ட ஆளை விடக்கூடாது என்று நான் அவரைச் சுவரோடு நிறுத்தி, காலை உள்பக்கமாக அளந்து, இருக்கையை அவர் உயரத்துக்கு இறக்கி, பேட்டரி எவ்வளவு தூரம் போகும், சகதியில் எப்படிப் பிடிக்கும் என்று மூச்சுவிடாமல் விளக்கினேன். அண்ணை சொன்னபடி நின்றார், சொன்னபடி திரும்பினார். அக்கா ஹெல்மெட் அடுக்குக்குப் பக்கத்தில், அண்ணையின் கோட், குடை, முருங்கைக்காய் நீட்டிக்கொண்டிருந்த ஒரு பை எல்லாவற்றையும் சுமந்துகொண்டு நின்றார்.

"அண்ணை, ஒருக்கா வெளியில ஓடிப் பாப்பமோ?" என்றேன். அவர் திடுக்கிட்டார். "நானோ? எனக்குச் சைக்கிள் ஓடத் தெரியாதே!" என்றார். யாழ்ப்பாணத்தில் பிறந்த ஒரு ஆம்பிளை இப்படிச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. சிறு வயதிலேயே கொழும்புக்குப் போய், பஸ்ஸிலேயே வளர்ந்துவிட்டாராம். "அப்ப ஏன் அண்ணை அளக்க விட்டனீங்கள்?" என்று கேட்டேன். "நீர் ஆசையா அளந்தீர், குழப்பக்கூடாதெண்டு நிண்டனான்" என்றார். அக்கா முருங்கைக்காய்ப் பையைக் கீழே வைத்துவிட்டு முன்னுக்கு வந்தார்.

"தம்பி, அவர் சாமான் பாக்கத்தான் வந்தவர். ஓடப்போறது நான்."

ரோல்ஸும் ஃப்ளாஸ்க்கும்

கார் நிறுத்தின இடம் சரிதானா என்று பார்க்க அண்ணை வெளியே போன நேரத்தில் அக்கா விஷயத்தைச் சொன்னார். மகளும் மருமகனும் பேரப்பிள்ளைகளும் ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ரே பக்கத்து மலைக்குச் சைக்கிள் ஓடப் போவார்களாம். அக்காவும் மரக்கறி ரோல்ஸ் பொரித்து, ஃப்ளாஸ்க்கில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு கூடவே போவார். மலை அடிவாரத்துக் கார் பார்க்கில் மகள் எல்லாப் பைகளையும் இறக்கி வைத்து, "அம்மா, யூ ஸ்டே ஹியர், ஓகே?" என்பாளாம். அவ்வளவுதான். அவர்கள் மேலே போவார்கள், அண்ணை கார் சீட்டைச் சாய்த்து நித்திரை கொள்வார், அக்கா பை காப்பார்.

ஊரில் பள்ளிக்கூடக் காலத்தில் காற்றுக்கு எதிராகச் சைக்கிள் மிதித்தே வளர்ந்த கால்கள் அக்காவுடையவை. அதை மகளிடம் சொன்னால் சிரிக்கிறாளாம். முழங்கால் நோவு வேறு. சைக்கிள் ஓடலாம், ஆனால் மேட்டில் காலை வருத்தக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். மோட்டார் வைத்த மலைச் சைக்கிள் என்று ஒன்று இருப்பதைக் கார் பார்க்கிலே யாரோ ஒரு வெள்ளைக்காரக் கிழவி ஓடக் கண்டபிறகுதான் அக்காவுக்கு நித்திரை போயிருக்கிறது. அடுத்த முறை எல்லாரும் மலைக்குப் போகும்போது தானும் மேலே போக வேண்டும், அதுவரைக்கும் மகளுக்குச் சொல்லக்கூடாது. இதுதான் திட்டம். ஏன் அக்கா இவ்வளவு பிடிவாதம் என்று கேட்டேன்.

"எல்லாரும் மலையில இருந்து சிரிச்சுக்கொண்டு வருவினம் தம்பி. என்னத்துக்குச் சிரிக்கினம் எண்டு எனக்கு மட்டும் தெரியாது."

கரியர் எங்கே?

தனக்கு ஓடத் தெரியாத சைக்கிளைப் பற்றித் தவராசா அண்ணைக்கு இருந்த கேள்விகளை நான் எந்தச் சாம்பியன் வாயிலிருந்தும் கேட்டதில்லை. கைபிடியை முறுக்கினால் ஓடாதா என்றார். இல்லை அண்ணை, மிதித்தால்தான் மோட்டார் உதவும் என்றேன். "மிதிக்கிறதெண்டா மோட்டார் என்னத்துக்கு? மோட்டார் இருக்கெண்டா மிதிக்கிறது என்னத்துக்கு?" என்று திருப்பிக் கேட்டார். கதைத்துக்கொண்டே கைபிடியிலிருந்த பொத்தான்களை ஒவ்வொன்றாக அமத்திப் பார்த்தார். அதை நான் கவனித்திருக்க வேண்டும்.

பிறகு பின்னுக்குச் சாமான் வைக்கக் கரியர் பூட்டச் சொன்னார். முன்னுக்கு ஒரு கூடை, பின்னுக்கு ஒரு ஸ்டாண்ட், ஒரு மணி, சங்கிலிக்கு மூடி. பத்துக்கிலோ அரிசிப் பை கரியரில் நிற்குமா என்றும் கேட்டார். பட்டறைக்குள்ளிருந்து எங்கள் மெக்கானிக் தினேஷ் எட்டிப் பார்த்தான். சிங்கப்பூர்ப் பையன், படிக்க வந்து லண்டனிலேயே தங்கிவிட்டவன். கல்லிலும் வேரிலும் குதித்து இறங்குவதற்காகச் செய்த சைக்கிளில் ஒருவர் அரிசிப் பை வைக்க இடம் தேடுவதைக் கண்டு அவன் முகம் வாடிப்போனது. என்னை ஒரு பக்கமாக இழுத்தான்.

"அண்ணே, இவங்க மலைக்குப் போறாங்களா, மார்க்கெட்டுக்குப் போறாங்களா?"

கெந்தி ஏறின கதை

கடைக்குப் பின்னால் ஒரு நீண்ட ஒழுங்கை, ஒடுங்கின சந்து, இருக்கிறது. அங்கேதான் ஓடிப் பார்க்க விடுவோம். அக்கா ஹெல்மெட்டை மாட்டி, சுரிதார்த் துணியைக் கால்பக்கம் ஒரு கிளிப்பால் இறுக்கி, சைக்கிளின் இடப்பக்கம் போய் நின்றார். எங்கள் ஊரில் சைக்கிள் பழகியவர்கள் எப்படி ஏறுவார்கள் என்று உங்களுக்குத் தெரியும். இடது காலைப் பெடலில் வைத்து, வலது காலால் நிலத்தில் இரண்டு மூன்று கெந்துக் கெந்தி, ஓட்டம் பிடித்தபிறகுதான் இருக்கையில் ஏறுவார்கள். எத்தனை வருடம் போனாலும் கால் அதை மறக்காது. பெடலில் பாரம் விழுந்த கணமே மோட்டார் இழுக்கத் தொடங்கிவிடும் என்று சொல்ல நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா ஒரு கெந்துக் கெந்திவிட்டார். அதற்கு முதலே அண்ணை பொத்தான்களோடு விளையாடி மோட்டாரை ஆகக் கூடின வேகத்தில் விட்டிருந்தார்.

சைக்கிள் பாய்ந்தது. ஒரு கால் பெடலில், மறு கால் ஆகாயத்தில், அக்கா ஒழுங்கை வழியே பறந்தார். "அய்யோ! அய்யோ!" என்ற சத்தம் மட்டும் பின்னால் எங்களுக்கு வந்தது. நான் ஓடினேன். எனக்குப் பின்னால் தினேஷ் ஸ்பானரோடு ஓடினான். அவனுக்குப் பின்னால் அண்ணை, "மங்கை, பிரேக்! மங்கை, பிரேக்!" என்று கத்திக்கொண்டு முருங்கைக்காய்ப் பையோடு ஓடிவந்தார். குப்பைத் தொட்டிகளுக்கு ஒரு முழம் முன்னால் அக்கா எப்படியோ இருக்கையில் ஏறி, பிரேக்கைப் பிடித்து, அழகாக வளைத்துத் திருப்பி எங்களை நோக்கி வந்தார். கண்ணெல்லாம் தண்ணீர். பயந்துபோய் அழுகிறார் என்று நினைத்தேன். சிரித்திருக்கிறார். மன்னிப்புக் கேட்டுக்கொண்டு வேகத்தைக் குறைக்கப் பொத்தானைத் தேடினேன். அக்கா என் கையைத் தட்டிவிட்டார்.

"அதில கை வைக்காதை தம்பி. இப்பிடியே இருக்கட்டும்."

சந்தனம்

செவ்வாய்க்கிழமை வேண்டாம், ராகு காலம் வேண்டாம் என்று நாள் பார்த்து, நல்ல நேரத்தில் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார்கள். மலைக்குப் போகும் ஞாயிற்றுக்கிழமைக்கு முதல் நாள் பின்னேரம் இருவரும் அதைத் தள்ளிக்கொண்டு திரும்பி வந்தார்கள். அக்காவின் முகம் பேயறைந்த மாதிரி இருந்தது. சார்ஜ் ஏறவில்லையாம். இரவு முழுக்கப் போட்டு வைத்தும் ஒரு வெளிச்சமும் வரவில்லையாம். "நாளைக்கும் எனக்குப் பைதானோ தம்பி?" என்று கேட்டார். நான் விற்ற சாமான் இப்படிக் கழுத்தறுத்துவிட்டதே என்று அதை நேரே பட்டறைக்குத் தள்ளிக்கொண்டு போனேன்.

தினேஷ் சைக்கிளைத் தூக்கி மாட்டிவிட்டுக் குனிந்தான். டயரின் பற்களுக்கிடையில் எலுமிச்சங்காய்ச் சக்கை. கைபிடியில் மல்லிகைச் சரம். வேகம் காட்டும் திரையில் குங்குமம், சட்டத்தில் மூன்று குறித் திருநீறு. கோயிலில் வாகன பூசை செய்திருக்கிறார்கள். காருக்கு எங்கே பொட்டு வைப்பது என்று ஐயருக்குத் தெரியும். இதில் எஞ்சின் எங்கே என்று கேட்டிருக்கிறார். அண்ணை சும்மா இருப்பாரா? சார்ஜ் பண்ணும் துளையின் ரப்பர் மூடியைத் தானே திறந்து, "இதுதான் ஐயா உயிர்நாடி" என்று காட்டியிருக்கிறார். ஐயரும் மனம் குளிர ஒரு பெரிய சந்தனப் பொட்டை உள்ளுக்கே அப்பிவிட்டார். அது காய்ந்து, சீமெந்து மாதிரி அடைத்துக்கொண்டு கிடந்தது. தினேஷ் பேட்டரியைக் கழற்றி வைத்துவிட்டு மரக்குச்சியாலும் பழைய பல்துலக்கியாலும் பொறுமையாகத் தோண்டித் துடைத்து, நன்றாகக் காயவிட்டு, திரும்பப் பூட்டி வயரைச் செருகினான். பச்சை வெளிச்சம் வந்தது. அக்கா கைகூப்பிக் கும்பிட்டார். எங்களையா, சைக்கிளையா என்று தெரியவில்லை. பட்டறை முழுக்கக் கோயில் வாசம். தினேஷ் விரலை மோந்து பார்த்துவிட்டு அறிக்கை கொடுத்தான்.

"பேட்டரிக்கு ஒண்ணும் ஆகல அண்ணே. பக்திதான் கொஞ்சம் ஓவர் சார்ஜ் ஆயிருச்சு."

ஞாயிற்றுக்கிழமைத் தொலைபேசி

ஞாயிறும் எங்கள் கடை திறந்திருக்கும். அன்றைக்கு நான் விற்ற ஒரே சாமான் ஒரு பழைய டியூப். மனம் முழுக்கச் சர்ரே மலையில் இருந்தது. மத்தியானம் தொலைபேசி அடித்தது, தவராசா அண்ணை. அக்கா விழுந்துவிட்டாரோ என்று கேட்டேன். "விழுறதோ? அவ பறக்கிறா" என்றார். காலையில் கார் பார்க்கில் மகள் வழக்கம்போலப் பைகளை இறக்கி வைத்து, "அம்மா, யூ ஸ்டே…" என்று தொடங்கியிருக்கிறாள். அக்கா, அண்ணை அன்றைக்கு இரவல் வாங்கி ஓட்டிவந்த வானின் பின்கதவைத் திறந்து சைக்கிளை இறக்கி, ஹெல்மெட்டைப் போட்டு, ஒரே ஒரு கெந்துக் கெந்தியிருக்கிறார். மகள் திறந்த வாயை மூடுவதற்குள் முதல் வளைவு தாண்டிவிட்டாராம். மருமகன் மூச்சிரைக்கப் பின்னால் போக, "அம்மம்மா, வெயிட்!" என்று பேரப்பிள்ளைகள் கத்திக்கொண்டு போக, மலையே கலகலத்துப் போயிருக்கிறது.

எனக்கு அங்கேயே கடைக்குள் துள்ள வேண்டும் போலிருந்தது. தினேஷுக்குக் கட்டைவிரலைக் காட்டினேன். அவன் ஸ்பானரை மேலே எறிந்து பிடித்தான். அண்ணை மட்டும் தொலைபேசியை வைக்கவில்லை. நீங்கள் எங்கே அண்ணை என்று கேட்டேன். கார் பார்க்கில், ஃப்ளாஸ்க்குக்கும் பைகளுக்கும் நடுவில் நிற்கிறாராம். நித்திரை கொள்ளலாம் என்றால் பையைப் பார்க்க வேறு ஆள் இல்லையாம். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"இப்பத்தான் எல்லாரும் சிரிச்சுக்கொண்டு இறங்கி வருகினம் தம்பி. என்னத்துக்கெண்டு கேட்டா ஒருத்தரும் சொல்லுகினமில்லை. இந்த வயசில சைக்கிள் பழக ஏலுமோ?"

ஒரு வீட்டில் பை காக்கிற ஆள் மாறிக்கொண்டே இருக்கும்வரை எங்கள் தொழிலுக்கு அழிவில்லை என்று நானும் தினேஷும் அன்றைக்கே தீர்மானித்து, மூட்டை முடிச்சோடு வரப்போகும் அடுத்த முழங்காலுக்காகக் கதவை அகலத் திறந்து வைத்தோம்.