உங்கள் அம்மா பதில் சொல்லாத வருஷம்

அந்த வருஷம் நானும் உங்கள் அம்மாவும் சண்டை போட்டுப் பேசாமல் இருந்தோம் என்று நீங்கள் இரண்டு பேரும் இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். போன வாரம்கூடப் பெரியவள் அதைச் சொல்லிச் சிரித்தாள். அது சண்டை இல்லை. எனக்குத் தெரிந்த மட்டில் எழுதுகிறேன்.

அப்போது நான் தியாகராய நகரிலிருந்து மயிலாப்பூர் வழியாக அடையாறு போகும் பஸ்ஸை ஓட்டிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் மந்தைவெளியில் திரும்பும்போது பின்சக்கரம் எதிலோ ஏறி இறங்கியது. நிறுத்திப் பார்த்தேன். நசுங்கின இளநீர் மட்டை, அவ்வளவுதான். ஆனால் மறுநாள் அதே இடத்தில், மட்டை எதுவும் இல்லாமலே, வயிற்றுக்குள் அந்தக் குலுக்கல் வந்தது. யார் மேலோ ஏற்றிவிட்டு வந்துவிட்டோமோ என்று. கண்ணாடியில் பார்ப்பேன். ரோடு சும்மா கிடக்கும். அடுத்த ஸ்டாப் வருவதற்குள், சரியாகப் பார்த்தோமா என்று தோன்றிவிடும்.

கண்டக்டருக்கு வாய் சும்மா இருக்காது. "இன்னா மாமா, ரோட்ல எதனா உட்டுட்டு வந்துட்டியா? வண்டிய திருப்பிக்கலாமா?" என்பான். ஜனங்கள் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன், ஸ்டியரிங்கில் கை வேர்த்து வழுக்கும்.

டூட்டி முடிந்ததும், வண்டி போன வழியே நடந்துபோய்ப் பார்ப்பேன். பிறகு மேற்கு மாம்பலத்து வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கேட்பேன், யாரையாவது இடித்திருப்பேனா என்று. இல்லை என்பாள். மனசு கொஞ்சம் அடங்கும். சோற்றைப் பிசைவதற்குள் மறுபடி கேட்பேன். டிப்போவுக்குத் தெரிந்தால் வண்டியைத் தொட விடமாட்டார்கள். அந்தப் பயம் எங்கள் இரண்டு பேருக்குமே இருந்தது.

தூக்க மாத்திரை கொடுத்துப் பார்த்த மாம்பலத்து டாக்டர், அபிராமபுரத்தில் பேசியே குணப்படுத்துகிற டாக்டர் ஒருவர் இருக்கிறார் என்று அனுப்பினார். தெருவில் யார் கேட்டாலும் பல் டாக்டர் என்று சொல்லிவிட்டுப் போனோம்.

ஊசி இல்லை, மருந்து வாசனை இல்லை. ஒரு மேஜை, மூன்று நாற்காலி. என்ன கஷ்டம் என்று டாக்டர் என்னைத்தான் கேட்டார். எந்த டாக்டரிடம் போனாலும் என் காய்ச்சலை உங்கள் அம்மாதான் சொல்வாள். அன்றும் அப்படியே ஆரம்பித்தாள்.

"தூக்கந்தான் கம்மிங்க டாக்டர். வேற ஒண்ணும் இல்ல. டூட்டி முட்ச்சா நேரா வூட்டுக்கு வந்துருவாரு."

என் வேலையைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னாள். டாக்டர் அவளை மறுக்கவில்லை. என் முகத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

"அவ சொல்றது நெசம் இல்லீங்க" என்றேன். "ரோட்ல ஆளு கெடக்குதான்னு தேடிகினுதான் வூட்டுக்குப் போறேன்."

அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். டிப்போவுக்கு எழுதிவிடுவாரா என்று கேட்டாள். இங்கே பேசியது இந்த அறையைத் தாண்டாது என்றார் டாக்டர்.

அதன் பிறகு வாரா வாரம் போனேன். பேசிப் பேசி எனக்கே அலுத்துப்போகும். ஒரு நாள் அம்மாவையும் உட்காரவைத்துச் சொன்னார்: "இல்லன்னு நீங்க சொல்லச் சொல்ல, அவர் கேட்டுக்கிட்டேதாம்மா இருப்பார். இனிமே அவர் கேட்டா பதில் சொல்லாதீங்க." என்னிடம், நடந்துபோய்ப் பார்க்கக் கூடாது, பயம் வந்தால் வரட்டும் என்றார்.

அன்றைக்கு மயிலாப்பூர் லஸ்ஸில் வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. பள்ளம்தான் என்று தெரியும். ஆனாலும் பயம் வந்தது. டூட்டி முடிந்ததும் நடந்துபோய்ப் பார்க்காமல் நேரே வீட்டுக்கு வந்தேன். அம்மா அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். கேட்டேன். நிமிரவில்லை.

"ஒரே ஒரு தபா சொல்லுடி. இடிச்சிருப்பேனா?"

"கேட்டுகினே இருய்யா. நான் சொல்ல மாட்டேன்."

சின்னவன் அவள் முதுகைப் பிடித்துக்கொண்டு, "அப்பா கேக்குது இல்ல, சொல்லேம்மா" என்றான். அவள் கண் நிறைந்துவிட்டது. நறுக்குவதை மட்டும் நிறுத்தவில்லை.

என் செருப்பு வாசலில் கிடந்தது. லஸ்ஸுக்கு ஓடிப்போய்ப் பார்த்துவிட்டால் போதும் என்று உடம்பெல்லாம் பதறியது. போகவில்லை. பதற்றத்தோடேயே சாப்பிட்டேன். சின்னவன் என் மடியில் தூங்கிப்போன பிறகு கவனித்தேன், நெஞ்சு அடிப்பது குறைந்திருந்தது. 'இல்லை' என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. தானாகவே குறைந்திருந்தது.

அடியோடு போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் வண்டி ஓட்டிக்கொண்டுதான் இருக்கிறேன். சில நாள் இன்னமும் கேட்க வாய் வரும். என் முகத்தைப் பார்த்ததுமே அவள் எழுந்து காபி போடப் போய்விடுவாள். அதைப் பார்த்து நீங்கள் மறுபடியும் சண்டை என்று நினைத்துக்கொள்ளாதீர்கள்.