சிக்னலில் அணைந்துபோன கார்

ஓட்டுநர் பயிற்சிக் காரில் கற்பவருக்கு ஒரு பிரேக்கும், பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொடுப்பவருக்கு ஒரு பிரேக்கும் இருக்கும். கார் கற்றுக்கொடுக்கும் ஒரு பெண்மணி அந்த இரண்டாவது பிரேக்கை விட்டுக் காலை எடுத்ததே இல்லை என்பதால் அவருக்குப் பிரேக்கு அக்கா என்று பெயர் வந்தது. மனிதர்கள் விஷயத்திலும் அப்படித்தான். கடைக்காரர் ஒரு தக்காளியைக் கூடுதலாகப் போட்டால், அழுகலோ என்று திருப்பிப் பார்ப்பார்.

பயிற்சிப் பள்ளியை அவரும் அவருடைய கொழுந்தனும் சேர்ந்துதான் தொடங்கினார்கள். புது கார் வாங்கலாம் என்றார் கொழுந்தன். ஓடுகிற காரை எதற்கு மாற்ற வேண்டும் என்றார் அக்கா. பேச்சு முற்றி, ஆளுக்கொரு பள்ளியாகப் பிரிந்தார்கள். ஆனால் வீடு ஒன்றுதான். மாடியில் அக்காவும் கணவரும், கீழே கொழுந்தன் குடும்பம். இரண்டு கார்களும் நிற்பது ஒரே முற்றத்தில்.

ஒருநாள் பழைய கார் சிக்னலில் அணைந்துபோனது. பின்னால் ஹாரன் காதைப் பிளந்தது.

“கிளட்சை விட்டுட்டீங்களா?” என்று ஓட்டிக்கொண்டிருந்த பெண்ணைக் கேட்டார் அக்கா.

“இல்லக்கா, கால் அங்கேயேதான் இருக்கு.”

அக்கா நம்பவில்லை. இடம் மாறி உட்கார்ந்து தானே ஓட்டினார். அடுத்த சிக்னலில் அவர் கையிலும் அணைந்தது. சரி, பெட்ரோலில் கலப்படம் என்று பங்க்கை மாற்றினார். அப்போதும் வண்டி நின்றால் நடுங்கியது, மிதித்தால் இழுக்க மறுத்தது. அந்தச் சமயம் பார்த்து, கற்றுக்கொண்டிருந்த இரண்டு பேர் சொல்லாமல் கொள்ளாமல் கொழுந்தன் பள்ளிக்கு மாறினார்கள். அக்காவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

“உங்க தம்பி என் வண்டியில ஏதோ பண்றான்” என்றார் கணவரிடம்.

கணவர் அச்சகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எதற்கும் இரண்டு வார்த்தை எதிர்த்துப் பேசுகிற மனிதர், அன்று மட்டும் செய்தித்தாளை முகத்துக்கு நேரே தூக்கிக்கொண்டார்.

“சும்மா இரு. பழைய வண்டி, அப்படித்தான் இருக்கும்.”

அன்று மாலை அக்கா கறுப்பு நூல் ஒன்றை எடுத்து, பானட்டின் விளிம்பில் குறுக்கே ஒட்டிவைத்தார். காலையில் வந்து பார்த்தால் நூல் அறுந்து தொங்கியது. ரத்தம் தலைக்கு ஏறியது. கொழுந்தன் தன் காரைத் துடைத்துக்கொண்டிருந்தார். பயிற்சிக்கு வந்த நாலைந்து பேர் வாசலில் நின்றார்கள்.

“ஏம்ப்பா, தொழில் பண்ண உனக்கு வேற வழியே தெரியலையா? கூடப் பொறந்தவன் பொண்டாட்டி வண்டியிலயா கை வைப்ப?”

கொழுந்தனுக்கு முகம் சிவந்தது. “என்ன அண்ணி பேசுறீங்க? உங்க வண்டியை நான் தொட்டே ரெண்டு வருஷமாச்சு.”

“அப்ப பானட்டைத் திறந்தது யாரு? பேயா?”

“திறங்க. எல்லாரும் பாக்கட்டும். என்ன பண்ணியிருக்கேன்னு நானும் பாக்கறேன்.”

அக்கா திறந்தார். கொழுந்தன் சாவியை எடுக்கச் சொன்னார். ஏர் ஃபில்டர் பெட்டியிலிருந்து இன்ஜினுக்குப் போகும் தடித்த குழாயில் சின்னதாக ஒரு சென்சார் இருந்தது. அதன் வயரைக் கழற்றி, இரண்டு திருகாணியையும் எடுத்து, நேராக மேலே உருவினார்.

“உள்ள எவ்வளவு காத்து போகுதுன்னு சொல்றது இதுதான். இது தப்பாச் சொன்னா பெட்ரோலும் தப்பாப் போகும். வண்டி அணையும். பாருங்க.”

அக்கா குனிந்து பார்த்தார். உள்ளே இருந்த மெல்லிய கம்பியில் பிசுக்கும் பஞ்சுபோன்ற தூசியும் அப்பியிருந்தன. தொடப் போனார்.

“கை வெக்காதீங்க, உடைஞ்சிடும்.” கொழுந்தன் உள்ளே போய் ஒரு ஸ்ப்ரே டப்பாவோடு வந்தார்.

“அது என்ன? முதல்ல இங்க குடு.” அக்கா டப்பாவைத் திருப்பித் திருப்பிப் படித்தார். இந்தச் சென்சாரைக் கழுவுவதற்கென்றே விற்பதுதான். ஆனாலும் விடவில்லை. “உன் காருக்கு முதல்ல அடிச்சுக் காட்டு.”

வாசலில் நின்றவர்கள் சிரித்தார்கள். கொழுந்தன் தலையில் அடித்துக்கொண்டு, தன் காரின் சென்சாரைக் கழற்றி அடித்துக் காட்டினார். பிறகு அக்காவுடையதன் மேல் நாலைந்து தடவை அடித்துக் கழுவி, தானாகக் காயட்டும் என்று சுத்தமான துணிமேல் வைத்தார். காய்கிற நேரத்தில் ஃபில்டர் பெட்டியைத் திறந்தவர் விரலைத் தூக்கிக் காட்டினார். விரல் பளபளத்தது.

“அண்ணி, இதுல யாரு எண்ணெய் ஊத்தினது?”

மாடிப்படியில் திருடனுக்குத் தேள் கொட்டியது போல நின்றிருந்தார் கணவர்.

“நீங்களா?” என்றார் அக்கா.

“கழுவிக் கழுவிப் போடுற ஃபில்டர்னு கடையில சொன்னான். பெட்ரோல் மிச்சமாகுமாம். எண்ணெய் தடவணும்னு போட்டிருந்துச்சு. வண்டி நிக்க நிக்க, எண்ணெய் பத்தலையோன்னு நேத்து ராத்திரிகூட இன்னும் கொஞ்சம்...”

“கதவுக் கீலுக்கு ஊத்துற மாதிரி ஊத்தியிருக்கீங்க அண்ணே! அது அத்தனையும் காத்தோட வந்து இதுல ஒட்டியிருக்கு.”

“என்கிட்ட ஒரு வார்த்தை சொல்றதுக்கு என்ன?” என்றார் அக்கா.

“சொன்னா, எந்தக் கடை, எவன் சொன்னான், அவனுக்கு என்ன லாபம்னு ஆயிரம் கேள்வி கேப்ப. அதான்.”

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்றாகிவிட்டது. கொழுந்தன் பெட்டியைத் துடைத்து, சாதாரண காகித ஃபில்டர் ஒன்றைப் போட்டு, காய்ந்த சென்சாரை மாட்டிக் கொடுத்தார். வண்டி நடுங்காமல் நின்றது. அக்கா ஏ.சி.யைப் போட்டுப் பார்த்தார், அணைத்துப் பார்த்தார். கடைத்தெருச் சிக்னல் வரை தனியாக ஓட்டிப்போய் நின்றும் பார்த்தார். குறை சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை.

மன்னிப்புக் கேட்டு அவருக்குப் பழக்கம் இல்லை. மறுவாரம் புதிதாகச் சேர வந்த ஒரு தையற்காரரைக் கீழே கொழுந்தனிடம் அனுப்பிவைத்தார். கொஞ்ச நேரத்தில் கொழுந்தன் மாடிக்கு வந்தார்.

“அண்ணி, அந்தத் தையற்காரருகிட்ட என்ன குறை?”

“ஒரு குறையும் இல்லையே.”

“அப்ப எதுக்கு எனக்கு அனுப்புறீங்க? கண்ணு தெரியாதா?”

“ஊசியில நூல் கோக்கிறவருப்பா. உனக்கு ஒரு ஆள் சேரட்டுமேன்னு அனுப்பினேன்.”

கொழுந்தன் நம்பாமல் அவர் முகத்தையே பார்த்தார். அப்படிப் பார்க்கப்படுவது எப்படி இருக்கும் என்று அக்காவுக்கு அன்றுதான் தெரிந்தது. முதலில் கோபம் வந்தது. பிறகு சிரிப்பு வந்துவிட்டது.

“அன்னிக்கு எல்லார் முன்னாடியும் அப்படிப் பேசியிருக்கக் கூடாது நான்” என்றார்.

கொழுந்தன் படி இறங்கினார். தையற்காரரைச் சேர்த்துக்கொண்டார். ஆனால் வண்டியில் ஏற்றுவதற்கு முன்னால், எதிரில் இருந்த கடையின் பலகையை ஒருமுறை படிக்கச் சொன்னாராம்.