நாலு எக்ஸ் போட்ட சட்டை

அன்னூருக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில் வள்ளி கும்மி ஆட்டம் பழக்கத் தொடங்கியபோது, என் மனைவி தன் பெயரோடு என் பெயரையும் கொடுத்துவிட்டு வந்துதான் சொன்னாள். நான் தேங்காய் லோடு டெம்போ ஓட்டுகிறவன். ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டுவிட்டேன். அங்கே வைத்த குண்டன் என்ற பேர் மட்டும் என்னை விடவில்லை. நாலு பேர் முன்னால் நிற்கவே எனக்குக் கூசும்.

முதல் நாள் மாலை கோயில் திடலில் வட்டமாக நின்றோம். கூட ஆட வந்திருந்த செல்போன் கடைக்காரர் என்னைக் காட்டி, கும்மி வாத்தியாரிடம் சத்தமாகச் சொன்னார்: "ஏனுங்க வாத்தியாரே, மாமன் குதிச்சா சுத்தியிருக்கற ஊட்டு ஓடெல்லாம் ஒடையுமுங்க!"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கூடச் சிரித்துவிட்டால் பேச்சு சீக்கிரம் ஓய்ந்துவிடும் என்பது என் கணக்கு.

ஆனால் ஆட்டம் எனக்கு வந்தது. ஆரம்பத்தில் மூச்சு வாங்கியது, முழங்கால் வலித்தது. போகப்போக, பாட்டு முடியும் வரை நிற்காமல் ஆடினேன். எடை பெரிதாகக் குறையவில்லை. டெம்போவில் மட்டும் கம்பியைப் பிடிக்காமல் ஏறினேன். ஒருநாள் வாத்தியார், "நீங்க அடி தப்பறதே இல்லீங்க. அரங்கேற்றத்துக்கு உள்வட்டத்துல நில்லுங்க" என்றார். வீடு வரும் வரை எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

அரங்கேற்றத்துக்கு ஆண்கள் எல்லாருக்கும் ஒரே பச்சைச் சட்டை. அது இல்லாதவருக்கு வட்டத்தில் இடமில்லை. சட்டை வரவழைக்கும் பொறுப்பு செல்போன் கடைக்காரருக்கு; அவர்தான் எல்லாரையும் நிற்கவைத்து அளவு கேட்டார். என் முறை வந்ததும், "எக்ஸ்எல்லுங்க" என்று சொல்லிவிட்டேன்.

திருப்பூரிலிருந்து வந்த சட்டை தோளோடு நின்றுவிட்டது. மனைவி இழுத்துப் பார்த்தாள்.

"ஏனுங்க, உங்க அளவு உங்களுக்குத் தெரியாதுங்களா?"

"தெரியும் புள்ள. அத்தன பேரு இருந்தாங்க."

அவள் சட்டையை மடித்துப் பையில் போட்டாள். "செரி, நான் போயி சொல்லிப்போட்டு வாரேன்."

"வேண்டாம். நானே சொல்றேன்."

மறுநாள் மாலை எல்லாரும் கூடியிருந்தபோதே கடைக்காரரைக் கூப்பிட்டேன். "மாப்ள, சட்ட பத்தலீங்க. எனக்கு நாலு எக்ஸ்எல் வேணும்."

"நாலுங்களா? மாமா, அது சட்டைங்களா, பந்தலுங்களா?"

சிரிப்பு எழுந்தது. இந்த முறை நான் கூடச் சிரிக்கவில்லை.

"பந்தலாவே இருக்கட்டுங்க மாப்ள. அதப் போட்டுட்டு நான் உள்வட்டத்துல ஆடறேன். நீங்க வெளிவட்டத்துல அடி தப்பாம ஆடுங்க, போதும்."

திடலே அவரைப் பார்த்துச் சிரித்தது. அவரும் தலையைச் சொறிந்துகொண்டே சிரித்தார். அது அடங்குமுன் பின்னாலிருந்து ஒருவர், "எனக்கும் ரெண்டு எக்ஸ் சேத்திப் போடுங்க, பட்டனு பூட்டமாட்டீங்குது" என்றார். இன்னொருவரும் கை தூக்கினார்.

சட்டை நேரத்துக்கு வந்தது. உள்வட்டத்தில் ஆடினேன். கடைசிப் பாட்டில் முதுகெல்லாம் நனைந்து ஒட்டிக்கொண்டது, ஆனாலும் சட்டை எங்கும் இறுக்கிப் பிடிக்கவில்லை. காங்கேயத்துக்கு லோடு கொண்டுபோகும் நாட்களில் இப்போது அதைத்தான் போட்டுக்கொள்கிறேன்.