மாப்பிள்ளை படிக்கச் சொன்ன ஸ்வாஹிலி நோட்டு

வேறு வேலையே இல்லையா உனக்கு? மாப்பிள்ளை நெற்றியில் ஏழு தையல் எப்படி வந்தது என்று தெரிந்து என்ன செய்யப் போகிறாய்? எட்டாவது போடவா? சரி, கேட்டுத் தொலை. நடுவில் "ஐயோ பாவம்" என்று மட்டும் சொல்லாதே. யாருக்குச் சொல்கிறாய் என்று கேட்பேன்.

எங்கள் ராஜபாளையத்து மில்லில் நூல் மிஷின் வேலை கற்றவர்களை ஆப்பிரிக்காவில் கேட்டு வாங்கிக்கொள்வார்கள். என் மகளைக் கட்டிய ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரரும் அப்படித்தான் தான்சானியாவுக்குப் போனார், அவளையும் கூட்டிக்கொண்டு. கடைக்குப் போய்வர பாஷை படி என்று அவளுக்கு ஒரு நோட்டு வாங்கிக் கொடுத்தார். ஸ்வாஹிலி வார்த்தை, பக்கத்தில் இங்கிலீஷ், கீழே ஒரு வாக்கியம், அதற்குத் தமிழ். எல்லாமே தமிழ் எழுத்தில், அவள் கைப்பட எழுதியது. சொல்லிக்கொடுத்தது அங்கே பக்கத்து வீட்டுக்காரி.

இரண்டு வருஷம் கழித்து மகள் தனியாக வந்து இறங்கினாள். முதுகெல்லாம் தடிப்பு.

"மாடிப்படியில விழுந்துட்டேம்மா."

"மாடிப்படி வரி வரியாவா அடிக்கும்?"

பத்தாம் நாள் மாப்பிள்ளை தன் அம்மாவோடு வந்துவிட்டார். வியாழக்கிழமை விமானத்துக்கு அவளைக் கூட்டிப்போக வேண்டுமாம்.

நான் கூலிக்கு பேண்டேஜ் துணி மடிக்கிறவள். குவியலை ஒதுக்கி அவர்களை உட்காரவைத்து, செம்பு நிறையத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தேன். மாப்பிள்ளைக்குப் பெருமை தாங்கவில்லை.

"அத்தை, ஒங்க மக இப்ப ஸ்வாஹிலியில வெளுத்து வாங்குதா. ஏட்டி, நோட்ட எடுத்து எங்கம்மாவுக்குப் படிச்சுக் காட்டு."

அந்த நோட்டை அவர் ஒருநாளும் திறந்ததில்லை. திறந்திருந்தால் கேட்டிருக்க மாட்டார். மகள் சுவரோடு ஒட்டி நின்றாள். நானே அவள் பையிலிருந்து எடுத்தேன். இரண்டாம் வகுப்புப் படிப்பு. எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன்.

"மா...ஜி. வாட்டர். நதாக்கா மாஜி. எனக்குத் தண்ணீர் வேண்டும்."

"பாத்தீங்களா!" என்றார் மாப்பிள்ளை.

"ம்லாங்கோ. டோர். உசிஃபுங்கே ம்லாங்கோ. கதவைப் பூட்டாதே."

"வீட்டுக்கு வேண்டியதாத்தான் படிச்சிருக்கா" என்றாள் சம்பந்தி.

"ம்கண்டா. பெல்ட். உசினிபிகே க்வா ம்கண்டா. பெல்ட்டால் என்னை அடிக்காதே."

மாப்பிள்ளை நோட்டை எட்டிப் பார்த்தார்.

"அதெல்லாம் பாடத்துல வாரதுதான் மதினி" என்று சம்பந்தி இழுத்தாள்.

"அப்பிடியா? இந்தப் பாடத்த நடத்துன வாத்தியாரு யாரு மதினி?"

அவ்வளவுதான். வாத்தியார் எழுந்தார். "எழுதியா வச்சிருக்க?" என்று மகளின் கொண்டையைப் பிடித்து பீரோவில் மோதினார். கண்ணாடி நொறுங்கியது. மறுபடியும் மோதினார். அவள் "அம்மா" என்று கத்தவில்லை. பெற்றவள் மூன்றடியில் நிற்கிறேன், "நிசாயிதியே! நிசாயிதியே!" என்று கத்துகிறாள். நோட்டின் கடைசிப் பக்கத்தில் அந்த வார்த்தையைப் பொறவுதான் பார்த்தேன். ஹெல்ப். என்னைக் காப்பாற்று. அந்த ஊரில் "அம்மா" என்றால் யார் வருவார்கள்?

அர்த்தம் தெரியாமலே எனக்குக் கை எழுந்தது.

"மாஜி வேணுமா மாப்பிள்ளை?"

திரும்பினார். நிறைசெம்பால் நெற்றியில் ஒன்று போட்டேன். தண்ணீரும் ரத்தமும் சேர்ந்து ஊற்றியது. என்னை வயிற்றில் உதைத்தார். பேண்டேஜ் குவியலில் விழுந்தேன். கூலித்துணி அன்றைக்குத்தான் எனக்கு உதவியது. என் மேல் பாய்ந்தவரின் மணிக்கட்டை மகள் கடித்தாள். பல் எலும்பில் பட்டது எனக்கே கேட்டது. அவர் உதறிய உதறலில் செம்பை ஓங்க எனக்கு இடம் கிடைத்தது. இரண்டாவது போட்டேன். உட்கார்ந்துவிட்டார்.

சம்பந்தி ஓலமிட்டாள். நான் நல்ல துணியாகப் பார்த்து எடுத்து அவர் தலையைச் சுற்றி இறுக்கிக் கட்டினேன். மாப்பிள்ளைக்கு மரியாதை குறையக் கூடாது, பாரு.

மகள் வாயைத் துடைத்துக்கொண்டு அவர் பையைத் திறந்து, வந்ததுமே அவர் வாங்கி வைத்திருந்த தன் பாஸ்போர்ட்டை எடுத்தாள். அரிசி டப்பாவுக்குள் தோள்வரை கையை விட்டுப் புதைத்தாள்.

"நான் வரல" என்றாள். தமிழில்தான் சொன்னாள்.

அவரை ஆட்டோவில் ஏற்றும்போது தெருவே வாசலில் நின்றது.

"என்ன ஆச்சி, மாப்பிள்ளைக்கு எம்புட்டு ரத்தம்?"

"அத ஏன் கேக்குத? மாடிப்படியில விழுந்துட்டாரு."

எங்கள் வீடு ஓட்டு வீடு. எல்லாரும் ஒருமுறை கூரையைப் பார்த்தார்கள். பிறகு என் மகளைப் பார்த்தார்கள். பார்த்துவிட்டு, "படியில பாத்து நடக்கணும்லா" என்றார்கள்.