கடப்பாரை சல்லிவன்

பேரா தீபகற்பத்தில் தடுக்கி விழுந்தால் ஒரு சல்லிவன் வீட்டு வாசலில்தான் விழ வேண்டும். மர்ட்டி பள்ளியில் சேர்ந்த வருடம் அந்த ஒற்றை அறைப் பள்ளிக்கூடத்தில் முப்பத்தொரு பிள்ளைகள். அவர்களில் பதினேழு பேர் சல்லிவன்கள். வாத்தியார் பதிவேட்டைத் திறந்து "மர்ட்டி சல்லிவன்" என்றதும் மூன்று பையன்கள் எழுந்து நின்றார்கள்.

"இதுல கடப்பாரை எவன்டா?" என்றார் வாத்தியார்.

வகுப்பு கொல்லென்று சிரித்தது. ஆறு வயது மர்ட்டிக்கு அந்தப் பெயர் தன் வீட்டுடையது என்று தெரியும், ஏன் என்று தெரியாது. பக்கத்தில் இருந்த டின்னி ஹாரிங்டன் மட்டும் சிரிக்கவில்லை. தன் பலகையை எடுத்துக்கொண்டு பெஞ்சின் மறு ஓரத்துக்கு நகர்ந்து உட்கார்ந்தான்.

இத்தனை சல்லிவன்களை வைத்துக்கொண்டு ஊர் வேறென்ன செய்யும்? வெள்ளை சல்லிவன், தச்சு சல்லிவன், பாலத்தடி சல்லிவன் என்று வீட்டுக்கொரு அடைமொழி வைத்துவிட்டது. தபால்காரர் கடிதம் கொடுப்பதும் பாதிரியார் பூசை வைப்பதும் அந்த அடைமொழியைப் பார்த்துத்தான்.

பெயருக்குப் பெருமை இல்லாமல் இல்லை. சல்லிவன் என்றால் கரிய கண்ணுடையவன் என்று வாத்தியார் சொல்லித் தந்தார். ஒற்றைக் கண்ணன் என்று பொருள் சொல்லும் பண்டிதர்களும் உண்டு. ஆனால் ஊரில் யாரைக் கேட்டாலும் கரிய கண்தான், ஒற்றைக் கண்ணுக்கு உரிமை கொண்டாட ஆள் கிடையாது. ஒரு காலத்தில் டிப்பரரி என்ற மாவட்டத்தின் நல்ல மண்ணை ஆண்ட குலம். எண்ணூறு வருடம் முன்னால் கடல் கடந்து வந்த நார்மன்காரர்கள் விரட்ட, இந்தப் பாறைக்காட்டுக்கு வந்து சேர்ந்து, இங்கே பெருகி, இன்று நாட்டிலேயே அதிகம் பேர் வைத்திருக்கும் பெயர்களில் ஒன்றாகிவிட்டது. இங்கிலீஷ்காரன் ஆட்சியில் முன்னால் இருந்த 'ஓ' உதிர்ந்துபோனது. இன்னாரின் வழிவந்தவன் என்று சொல்லும் அந்த ஓர் எழுத்தைப் பின்னால் பலர் திரும்ப ஒட்டிக்கொண்டார்கள். மர்ட்டியின் அப்பாவும் ஒட்டிக்கொண்டார். ஓ சல்லிவன் ஆனார்களே தவிர, கடப்பாரை அவர்களை விட்டுப் போகவில்லை.

பத்து வயதில் மர்ட்டிக்கு விஷயம் தெரிந்தது. பஞ்ச காலத்தில், குத்தகை கட்டாதவர்களின் வீடுகளை இடிக்க நிலச்சுவான்தார் ஆள் தேடினான். மர்ட்டியின் கொள்ளுத்தாத்தா போனார். கூலி ஒரு மூட்டை சோள மாவு. முதல் நாளே அவர் கடப்பாரையால் நெம்பித் தள்ளியது பக்கத்து ஹாரிங்டன் வீட்டு நிலைக்கல்லை. அந்த வீட்டுத் தாயும் கைக்குழந்தையும் வேலியோரத்தில் குளிரில் செத்தார்கள். இந்தப் பக்கம், சோளக் கஞ்சி குடித்துப் பிழைத்த கைக்குழந்தைதான் மர்ட்டியின் தாத்தா. தான் உயிரோடு இருப்பதே அந்த மூட்டையால்தான் என்று தெரிந்த பிள்ளை எப்படி நிமிர்ந்து நடக்கும்? மர்ட்டி நிமிர்ந்து நடக்கவில்லை.

இளவயதில் பர்மிங்ஹாமுக்குக் கட்டட வேலைக்குப் போனார். அங்கே அவர் வெறும் சல்லிவன். வாழ்க்கையில் நிம்மதியாக இருந்தது அந்த ஐந்து மாதம்தான். ஒரு நாள் மேஸ்திரி பழைய சுவரைக் காட்டி, கையில் கடப்பாரையைக் கொடுத்தார். அதைத் தரையில் வைத்துவிட்டு அன்றைக்கே கப்பல் ஏறினார். ஊருக்கு வந்து பசுவும் ஆடும் வளர்த்தார். பாறை நிறைந்த தன் நிலத்தில் வேலிக்கால் நட மண்வெட்டியோடு மல்லுக்கட்டினாரே ஒழிய, ஒரு கடப்பாரை வாங்கவில்லை.

அவர் மனைவி நோனியும் பிறப்பில் ஒரு சல்லிவன், பாலத்தடி வீட்டுப் பெண். ஹனோரா என்பதன் செல்லச் சுருக்கம் நோனி. "கல்யாணத்துல எனக்குப் பேரு மாறல. ஒரு கடப்பாரை மட்டும் கிடைச்சுது" என்று சிரிப்பாள். மர்ட்டி சிரிக்க மாட்டார். பிள்ளை குட்டி இல்லை. காலை ஒன்பது மணிச் செய்திக்குப் பிறகு ரேடியோவில் சாவு அறிவிப்பு வாசிப்பார்கள். நோனி கையை உயர்த்தி வீட்டையே அடக்கிவிட்டுக் கேட்பாள். யார் செத்தாலும் கேக்கோடு போய் நிற்பாள்.

"என் முறை வரும்போது ஒழுங்கா சொல்லச் சொல்லு மர்ட்டி. வெறும் ஹனோரா ஓ சல்லிவன்னு வாசிச்சா ஒரு ஈ காக்கா வராது."

"காலங்காத்தால என்ன பேச்சு இது? டீயைக் குடி."

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றிரண்டு பிப்ரவரியில், ஒரு செவ்வாய்க்கிழமை, அடுப்பில் கேக் வேகும்போதே நோனி போய்விட்டாள்.

ஈமக்காரியம் பார்க்கும் க்ரௌலி குறிப்பேட்டோடு வந்தான். "வழக்கம்போல வீட்டுப் பேரையும் சேர்த்துச் சொல்லிடட்டுமா?"

"வேண்டாம்."

"ஐயா, நம்ம பக்கத்துல நாலு ஹனோரா ஓ சல்லிவன் இருக்காங்களே."

"கண்ணை மூடினப்புறமாவது அவ அந்தப் பாரத்தை இறக்கி வைக்கட்டும்பா."

அவளுக்காகத்தான் சொன்னதாக மர்ட்டி நம்பினார். அது பொய். அவள் அதை ஒரு நாளும் பாரமாகச் சுமந்ததில்லை. தன் வாயால் அந்தப் பெயரைச் சொல்ல மர்ட்டிக்குத்தான் கூச்சம்.

புதன் காலை ரேடியோவில் வாசித்தார்கள். மத்தியானத்திலிருந்து அஞ்சலிக்கு வருகிறவர்களுக்காக வீடு திறந்திருந்தது. முன்னறையில் நோனி நீலச் சட்டையும் கையில் ஜெபமாலையுமாகச் சவப்பெட்டியில் படுத்திருந்தாள். அறுபது பேருக்கு ஹாம் சாண்ட்விச் அடுக்கியிருந்தது. மூன்று மணி வரை வந்தது பக்கத்துப் பண்ணைத் தம்பதி மட்டும். நாற்பது வருடம் ஊரின் எல்லாச் சாவுக்கும் போனவளுக்கு இரண்டே பேர்.

மூன்றரைக்குத் தொலைபேசி அடித்தது.

"மர்ட்டி, நான் வெள்ளை வீட்டு ஹனோரா பேசுறேன்." தொண்ணூறு வயதுக் குரல், கோபத்தில் கணீரென்று இருந்தது. "காலையிலேர்ந்து பதினாலு பேர் கேக்கோட வந்துட்டாங்க. கதவைத் திறந்தா என்னைப் பார்த்துச் சிலுவை போடுறாங்க. தச்சு வீட்டு ஹனோரா குத்துக்கல்லாட்டம் இருக்கா. ஆறு மாசமா ஆஸ்பத்திரியில கிடக்காளே, அவளும் இருக்கா. நோனியை ஃபோன்ல கூப்பிடு, அவளுக்குத் தெரியாத சாவே கிடையாது. யாருடா செத்தது?"

"என் நோனிதான்."

"கடப்பாரை நோனியா? ஐயோ, என் கண்ணே... ஏன்டா சொல்லல? அவளைப் போய் யாரோ எவரோன்னு அனுப்பப் பார்த்தியா?"

மர்ட்டி திரும்பி, திறந்த கதவு வழியாக நோனியைப் பார்த்தார். பிறகு க்ரௌலியைக் கூப்பிடாமல், நேரே ரேடியோ நிலையத்துக்கே எண்ணைச் சுழற்றினார்.

"அம்மா, காலையில வாசிச்சதுல ஒண்ணு விட்டுப்போச்சு. ஹனோரா ஓ சல்லிவன். கடப்பாரை வீடு."

"கடப்பாரையா? அப்படியே வாசிக்கலாமாங்க? வீட்ல யாரும் வருத்தப்பட மாட்டாங்களே?"

"வீட்ல நான் மட்டும்தான். வாசிங்க. கடப்பாரை நோனின்னே வாசிங்க."

ஐந்து மணி அறிவிப்பில் வாசித்தார்கள். ஆறுக்குள் பாதையில் அரை மைல் நீளத்துக்குக் கார்கள். சாண்ட்விச் தீர்ந்து, வெள்ளை ஹனோரா வீட்டுக்குப் போன பதினாலு கேக்கும் இங்கே வந்து சேர்ந்தன. வெள்ளை ஹனோராவே வந்து, பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்துகொண்டாள்.

கடைசியாக ஒருவர் தொப்பியைக் கையில் பிடித்தபடி வாசலிலேயே நின்றார். டின்னி ஹாரிங்டன். எழுபது வருடமாகக் கூப்பிடு தூரத்தில் இருப்பவர். அவரோ அவர் முன்னோரோ அந்த வாசற்படி மிதித்ததில்லை. மர்ட்டி எழுந்து வாசலுக்குப் போனார்.

"எங்கம்மா செத்தன்னைக்கு நீ எங்கய்யா இருந்தே?" என்றார் டின்னி.

"ரோட்டுல. கார்ல."

"உன் பொண்டாட்டி எங்க வாசல்ல வந்து நின்னா. 'நான் கடப்பாரை வீட்டு நோனி. உள்ள வரலாமா, இல்ல இங்கேயே நின்னு ஜெபம் பண்ணிட்டுப் போகட்டுமா'ன்னு கேட்டா. எங்கக்காதான் நாற்காலியை இழுத்துப் போட்டா. ரெண்டு மணி நேரம் இருந்து, பாத்திரமெல்லாம் கழுவி வச்சுட்டுத்தான் போனா. உன்கிட்ட சொல்லலியா?"

"டீ நல்லா இருந்துச்சுன்னு சொன்னா. வேற ஒண்ணும் சொல்லல."

அன்று காரில் உறைந்துபோய் உட்கார்ந்திருந்ததும், ஏன் இவ்வளவு நேரம் என்று அவளிடம் எரிந்து விழுந்ததும் மர்ட்டிக்கு நினைவு வந்தது. வெட்கமாக இருந்தது. இந்த வெட்கம் கொள்ளுத்தாத்தா கொடுத்தது இல்லை, அவரே சம்பாதித்தது.

"ரேடியோவுல சொல்லச் சொன்னது நீயா?"

"நான்தான்."

டின்னி தலையை ஆட்டினார். நகரவில்லை. "அப்போ நான் உள்ள வரலாமா?"

மர்ட்டி நோனிக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். டின்னி வந்து, கோர்த்திருந்த அவள் கைகள் மேல் தன் கையை வைத்து, நெடுநேரம் உதடசைத்தார். பிறகு உட்கார்ந்து, கொடுத்த டீயைக் குடித்தார்.

"நாளைக்குக் குழி வெட்ட நானும் வரேன். கல்லறையில உங்க இடத்துல ஓரடிக்குக் கீழ பாறை. மண்வெட்டி மட்டும் வச்சுக்கிட்டு ஆகாது. உன்கிட்ட இருக்காது, தெரியும். என்னோடதைக் கொண்டு வரட்டுமா?"

"கொண்டு வா" என்றார் மர்ட்டி. நோனி போனதிலிருந்து வராமல் இருந்த அழுகை அப்போதுதான் வந்தது.