அமெரிக்காவில் எனக்கொரு குடித்தனக்காரன்

போன சனிக்கிழமை சாயங்காலம் ஆறரை மணிக்கு நான் போட்ட கூச்சலில் எங்கள் தெருவில் பாதிப் பேர் வெளியே வந்துவிட்டார்கள். எதிர்வீட்டுக்காரர் கையில் கம்போடு ஓடி வந்தார். "இன்னா டீச்சர்... பாம்பா?"

பாம்பு இல்லை சார். ஜெயிச்சுட்டேன்!

'சத்தம் போடாதே' என்று வருஷக்கணக்கில் வகுப்பறையில் கத்திய வாய் இது. சந்தோஷத்தில் கத்தியது அன்றைக்குத்தான். எதற்கு என்று சொல்கிறேன். ஆனால் ஜெயித்த கதைக்கு முன்னால், நான் எவ்வளவு பெரிய ஏமாளியாக இருந்தேன் என்பதையும் சொல்லியாக வேண்டும். வாராவாரம் இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்களுக்கு அது ஒன்றும் புதுச் செய்தி இல்லை.

எனக்கும் என் தம்பி வரதனுக்கும் ராஜகுளம் பக்கத்தில் அப்பா வழியில் வந்த நிலம் ஒன்று இருந்தது. சமீபத்தில் விற்றோம். பாதி அவனுக்கு, பாதி எனக்கு. பென்ஷனைத் தவிர என்னிடம் இருக்கும் சொத்து என்றால் அந்தப் பாதிதான். அது போனால் போனதுதான்.

நான் பிறந்ததிலிருந்து வாடகை வீட்டுக்காரி. உத்திரமேரூரில் இப்போது இருக்கும் வீட்டில் மட்டும் பத்தொன்பது வருஷம். மழை வந்தால் பின் ரூமில் குண்டான், சமையல் ரூமில் பக்கெட் என்று வைத்துக்கொண்டே ரிட்டையர் ஆகிவிட்டேன். வீட்டுக்காரர் சென்னையில் இருக்கிறார். பொங்கலுக்கு வந்தபோது, "வித்துடலாம்னு இருக்கேன் டீச்சர். நீங்களே எடுத்துக்கிறீங்களா?" என்று கேட்டார். ஒழுகுகிற வீட்டை எவளாவது வாங்குவாளா? சிரித்து மழுப்பி அனுப்பிவிட்டேன்.

அப்புறம்தான் வரதன் ஒரு நோட்டீஸோடு வந்தான்.

காஞ்சிபுரத்தில் ஒரு ஹோட்டலில் மீட்டிங். ஏ.சி. ஹால், மத்தியானச் சாப்பாடு இலவசம். சென்னையிலிருந்து வந்த, கோட்டு போட்ட ஏஜென்ட் ஒருவர் ஸ்கிரீனில் வீடு வீடாகக் காட்டினார். அமெரிக்காவில், எப்போதோ ஃபேக்டரிகள் ஓகோவென்று ஓடிய ஏதோ ஒரு ஊர். வாலாஜாபாத்தில் ரெண்டு சென்ட் மனை வாங்குகிற காசுக்கு அங்கே முழு வீடு! உள்ளே ஏற்கெனவே ஆள் குடியிருக்கிறார். மாசாமாசம் வாடகை, அதுவும் டாலரில். வசூல், ரிப்பேர், வரி எல்லாம் கம்பெனி பார்த்துக்கொள்ளும். நாம் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்றுதான் — பணம் அனுப்புவது.

எனக்குக் காட்டிய வீடு வெள்ளை பெயின்ட் அடித்த மரவீடு. முன்னால் பச்சைப்புல். ஜன்னலில் சுருக்கு வைத்த கர்ட்டன், அதன் கீழே ஒரு தொட்டியில் சிவப்புப் பூ. அந்தப் பூவைப் பார்த்ததும் விழுந்துவிட்டேன்.

சிரிக்காதீர்கள். வாடகை வீட்டில் இருந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். 'சுவத்துல ஆணி அடிக்காதீங்க.' 'மோட்டாரை ரொம்ப நேரம் ஓட விடாதீங்க.' 'ஊர்லேர்ந்து வந்தவங்க இன்னும் எத்தனை நாள் இருப்பாங்க?' வாழ்நாள் முழுக்க இதையெல்லாம் கேட்டவளுக்கு, ஒரு அமெரிக்காக்காரன் குடித்தனக்காரன்! அவன் என்னிடம் வந்து, 'அம்மா, ஒரு ஆணி அடிச்சுக்கட்டுமா?' என்று கேட்பான். 'எத்தனை வேணும்னாலும் அடிச்சுக்கோப்பா' என்று நான் பெருந்தன்மையாகச் சொல்வேன். சாம்பார் கொதிக்கும்போதெல்லாம் இந்த வசனத்தைச் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

வரதன் என்னைப்போல கிடையாது. எதையும் விசாரித்துத்தான் செய்வான். இதிலும் விசாரித்தான் — வாஸ்துவை!

கோயில் ஆபீஸில் கிளார்க் அவன். வீட்டு பிளானை ஏஜென்ட்டிடம் கேட்டு வாங்கி, வாஸ்துக்காரரிடம் எடுத்துக்கொண்டு போனான். வாசல் கிழக்கு பார்த்தது, பிரமாதம். அடுப்பு அக்னி மூலையில், அதைவிடப் பிரமாதம். கதவு நம்பர் கூட்டுத்தொகை ஒன்பது. போட்டோவை சுவாமி பாதத்தில் வைத்து அர்ச்சனையும் பண்ணினான். குருக்கள் நட்சத்திரம் கேட்டபோது வீட்டுக்கு என்ன சொல்வது என்று தெரியாமல் தன் நட்சத்திரத்தையே சொல்லிவிட்டானாம்.

வெள்ளிக்கிழமை பணம் போகவேண்டும் என்றார் ஏஜென்ட். வரதன் காலண்டரைப் பார்த்தான். வெள்ளி அஷ்டமி. சனி நவமி. ஞாயிறு பேங்க் லீவு. "திங்கட்கிழமை காலையில ஒன்பதே கால்லேர்ந்து பத்தே கால் நல்ல நேரம். அப்போதான் சார் அனுப்புவோம்."

"சார், வேற பார்ட்டி வெயிட்டிங்..."

"அஷ்டமியில காசு வெளிய போவாது சார்."

அமெரிக்காவே ஃபோன் பண்ணிக் கெஞ்சினாலும் அஷ்டமி விஷயத்தில் என் தம்பி அசையமாட்டான். ஏஜென்ட்தான் இறங்கி வந்தார். இந்த மூன்று நாளை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

வியாழக்கிழமை காலையில் எஸ்தர் கீரை கொண்டுவந்தாள். நாங்கள் விற்ற அதே நிலத்தில் வருஷக்கணக்கில் நாற்று நட்டவள். எங்கள் குடும்பத்துக்கு நெல் போட்டது அந்த மண். அவள் குடும்பத்துக்கு அதில் ஒரு பிடி கிடையாது. இதை எழுதும்போது எனக்குக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது. கூலி வேலை செய்து சேர்த்த காசில், போன வருஷம்தான் மூன்று சென்ட் வாங்கினாள்.

ஃபிரிட்ஜ் மேல் ஒட்டியிருந்த போட்டோவைப் பார்த்தாள். "யார் வூடு டீச்சர் இது?"

"என்னுது. அமெரிக்காவுல." குரலில் எவ்வளவு பந்தா இருந்திருக்கும் என்று நினைக்கிறீர்கள்?

கிட்டே போய்ப் பார்த்தாள். "ஆளு குடியிருக்காங்களா?"

"ஓ... இருக்காங்களே!"

"வாசல்ல ஒரு செருப்பு இல்ல. ஒரு பக்கெட்டு இல்ல. துணி காயல. இன்னா குடித்தனம் டீச்சர் இது?"

"அங்கெல்லாம் துணியை மிஷின்லயே காய வச்சுடுவாங்க எஸ்தர்."

"சரி. போய்ப் பாத்தீங்களா?"

"அமெரிக்காவுக்கு எப்படிப் போறது?"

"போவாமயா வாங்கறீங்க?"

இத்தனைக்கும் படித்தவள் நான்தான்!

எஸ்தர் அந்த மூன்று சென்ட்டை வாங்கிய கதை எனக்குத் தெரியும். முதலில் ஒரு புரோக்கர் வேறு மனையைக் காட்டினான். கல் நட்டு, கலர் கொடி கட்டி ஜோராக இருந்ததாம். இவள் மூன்று நாள், மூன்று வேளை போய் நின்றாள். மாடு மேய்க்கிறவரிடம், "மழ காலத்துல இங்க இன்னா நிக்கும்ணா?" என்று கேட்டாள். "தண்ணிதாம்மா நிக்கும்" என்றார் அவர். ஏரிப் புறம்போக்கு! கொடி கட்டியவனை விட்டுவிட்டு மாடு மேய்க்கிறவரை நம்பினாள், தப்பித்தாள்.

"வூட்டுக்காரன் நல்லாதான் சொல்வான் டீச்சர். குடியிருக்கறவங்கள கேளுங்க. அவங்கதான் நெசத்த சொல்வாங்க."

பளிச்சென்றது. பொங்கலுக்கு அப்புறம் நான் குடியிருக்கும் இந்த வீட்டைப் பார்க்க ஆள் வரும்போதெல்லாம் எங்கள் வீட்டுக்காரர் 'ஒரு சொட்டு ஒழுகாது' என்று அடித்துச் சொல்வார். நான் பின்னால் பேசாமல் நின்றுகொண்டிருப்பேன். பத்தொன்பது வருஷமாகக் குடியிருக்கும் என் பக்கம் ஒருவராவது திரும்பி, 'அப்படியாம்மா?' என்று கேட்டதுண்டா? கேட்டிருந்தால் குண்டான் எண்ணிக்கையோடு சொல்லியிருப்பேனே!

உடனே ஏஜென்ட்டுக்கு ஃபோன். "சார், குடித்தனக்காரர்கிட்ட ரெண்டு நிமிஷம் பேசணும்."

"மேடம், அங்க டெனன்ட்டை டிஸ்டர்ப் பண்ணக் கூடாது. சட்டம்."

"வாசல்ல நிக்கிற மாதிரி ஒரு போட்டோவாவது..."

"டிரஸ்ட் இல்லன்னா விட்டுடுங்க மேடம். கியூவுல ஆள் நிக்கிறாங்க."

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன் — அந்த நிமிஷம் எனக்கு சந்தேகம் வரவில்லை. வீடு கைவிட்டுப் போய்விடுமோ என்று பயம்தான் வந்தது. "ஸாரி சார்" என்று வேறு சொன்னேன்!

வரதனிடம் சொன்னேன். அவனுக்குக் கோபம். "எஸ்தருக்கு அமெரிக்காவைப் பத்தி இன்னாக்கா தெரியும்?"

"நமக்கு இன்னாடா தெரியும்?"

அவன் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டான்.

வழி எஸ்தரிடம் இருந்தது. "எங்க மேரி அந்தப் பக்கந்தான் கீறா. நர்ஸு. வாலாஜாபாத் சர்ச்சுல என்கூட பாட்டு பாடினவ. கேட்டுப் பாக்கறேன்." மேரியின் ஊரிலிருந்து அந்த வீட்டுக்குக் காரில் இரண்டு மணி நேரம். சனிக்கிழமை லீவு, போகிறேன் என்று சொல்லிவிட்டாள். முன்பின் தெரியாத எனக்காக!

சனிக்கிழமை சாயங்காலம். எங்கள் ஹாலில் எஸ்தர், நான், உம்மென்று வரதன். ஃபோனை டம்ளரில் சாய்த்து வைத்திருந்தோம். இங்கே விளக்கு வைக்கிற நேரம், அங்கே காலை வெயில். மேரியின் கார் ஒரு தெருவில் திரும்பியது. இரண்டு வீட்டுக்கு நடுவில் நாலு வீடு இருந்த இடம் வெறும் மனை, இடுப்பளவு புல். அதோ... வெள்ளை வீடு. கர்ட்டன். சிவப்புப் பூ!

"நான்தான் சொன்னேனே" என்றான் வரதன்.

"கிட்ட போ மேரி" என்றாள் எஸ்தர். "ஜன்னலத் தட்டு."

டொக் டொக் என்றது. கண்ணாடிச் சத்தம் இல்லை.

மேரி இன்னொரு தடவை தட்டிப் பார்த்தாள். அப்புறம், "எஸ்தரக்கா... இது ஜன்னலே இல்லக்கா. பலகை. பலகை மேல ஜன்னல வரைஞ்சு வச்சிருக்காங்க. கர்ட்டன், தொட்டி, பூவு... எல்லாம் பெயின்ட்டு."

பின்பக்கம் போய்க் காட்டினாள். பாதிக் கூரை இல்லை. சமையலறைக்குள் நின்றால் வானம் தெரிந்தது. கதவில் அந்த ஊர் ஆபீஸ் ஒட்டிய நோட்டீஸ் — வீட்டை இடிக்கப் போகிறார்கள். இடிக்கிற செலவு, அப்போது யார் ஓனரோ அவர் தலையில்!

அதாவது நான் முழுக் காசையும் கொடுத்து வாங்கவிருந்தது வீட்டை இல்லை. இடிக்கிற செலவை.

நாயோடு வந்த பக்கத்து வீட்டுப் பெரியவரை மேரி விசாரித்தாள். அங்கே ஆள் இருந்து ஆறு வருஷம் ஆச்சாம். வெளிநாட்டிலிருந்து யார் யாரோ வாங்கி, விற்று, கை மாறிக்கொண்டே இருக்கிறதாம். "வாங்கறதுக்கு முன்னாடி வந்து பார்க்கிற முதல் ஆள் நீதாம்மா" என்றாராம்.

அப்போது போட்டதுதான் அந்தக் கூச்சல்! பின்னே? என் காசு பத்திரமாக என் பேங்கிலேயே இருக்கிறது. கோட்டு போட்ட ஆள் சென்னையில் காத்துக்கொண்டிருக்கிறார். கட்டிப்பிடித்ததில் எஸ்தர் மூச்சுத் திணறி, "வுடுங்க டீச்சர்" என்று சிரித்தாள்.

வரதன் வீட்டு பிளானை எடுத்து மறுபடி பார்த்தான். "அக்னி மூலை கரெக்டாதான்கா இருந்துது."

"ஆமாண்டா. கூரைதான் இல்லை."

"அஷ்டமின்னு நான் நிறுத்தலன்னா நேத்தே காசு போயிருக்கும். தெரியுமில்ல?"

உண்மைதான். அந்தப் பெருமையில் அவனுக்குச் சேர வேண்டிய பங்கைக் கொடுத்துவிட வேண்டும். அதோடு அவன் சும்மா இருக்கவில்லை. மீட்டிங்கில் பக்கத்து இலையில் சாப்பிட்ட வாலாஜாபாத் ரைஸ்மில்காரருக்கு அன்றைக்கே ஃபோன் போட்டான். அவரும் அனுப்பாமல் நிறுத்திவிட்டார். "உனக்குக் கோடி புண்ணியம் நைனா" என்றாராம். அதிலிருந்து தம்பி கொஞ்சம் மிதந்துகொண்டுதான் இருக்கிறான்.

திங்கட்கிழமை சரியாக ஒன்பதே காலுக்கு ஏஜென்ட் கூப்பிட்டார். "மேடம், ரெடியா?"

"ரெடி சார். ஒரே ஒரு சந்தேகம். ஜன்னல்ல பூச்செடி இருக்கே, அதுக்கு யார் தண்ணி ஊத்தறாங்க?"

"டெனன்ட்தான் மேடம். ரொம்ப நல்ல ஃபேமிலி. டெய்லி ஊத்துவாங்க."

"பெயின்ட் கரையாதா சார்?"

டொக். லைன் கட்.

வெளிநாட்டில் விற்கிற எல்லா வீடும் இப்படித்தான் என்று நான் சொல்லவரவில்லை. நிஜ ஜன்னல் உள்ள வீடுகளும் இருக்கலாம். ஆனால் குடித்தனக்காரர் காலி பண்ணினால்? வரி ஏறினால்? பார்த்துக்கொள்கிறேன் என்ற கம்பெனி ஃபோனை எடுக்காவிட்டால்? குழாய் ஒழுகுகிறதா என்று போய்ப் பார்க்கவே விசா எடுக்க வேண்டும் என்றால், அது சொத்தா... பேஜாரா?

சரி, அந்தக் காசு என்ன ஆச்சு என்கிறீர்களா? செவ்வாய்க்கிழமை சென்னையில் இருக்கும் எங்கள் வீட்டுக்காரருக்கு ஃபோன் பண்ணி, "வீட்டை நானே எடுத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டேன். எஸ்தர் அதற்கும் விடவில்லை.

"இந்த வூட்ட விசாரிச்சீங்களா?"

"இங்கயேதானே இருக்கேன், என்னத்தை விசாரிக்கிறது?"

"யாரு வாங்கனாலும் குடியிருக்கறவங்கள கேக்கணும் டீச்சர். சொல்லுங்க, ஒழுவுதா?"

"பின் ரூம்ல ஒரு இடம். சமையல் ரூம்ல மூணு."

"தண்ணி?"

"மே மாசம்கூட வத்தாது."

"வில்லங்கம்?"

"வரதன் முப்பது வருஷத்துக்குப் போட்டுப் பார்த்துட்டான்."

"அப்ப ஒழுவறத சொல்லி வெலய கொறச்சு வாங்குங்க."

புதன்கிழமை வீட்டுக்காரர் வந்தார். பழக்க தோஷத்தில், "ஒரு சொட்டு..." என்று ஆரம்பித்தவர், என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். விலை குறைந்தது. வரதன் பார்த்துச் சொன்ன நல்ல நேரத்தில் அட்வான்ஸ் கைமாறியது. அடுத்த மாதம் ரிஜிஸ்ட்ரேஷன். சாட்சிக் கையெழுத்து போடப்போவது எஸ்தர்.

அதுவரைக்கும் என்னால் பொறுக்க முடியவில்லை. நேற்று ஹால் சுவரில் ஒரு ஆணி அடித்தேன். யாரையும் கேட்கவில்லை.