மடைக்காரர் தலைவரான விதம்

மடைக்காரர் என்றுதான் எல்லோரும் அவரை அழைத்தனர். கால்வாய் நீரை வயல்களுக்கு முறை வைத்துத் திறந்துவிடும் பொறுப்பு அவருடையது. தம் வயலுக்குக் கடைசியாகவே விடுவார். அந்த நேர்மை அவரைப் பாசன சங்கத் தலைவராக்கியது. பிறகு ஒரு கட்சியின் வேட்பாளராக்கிச் சட்டமன்றத்துக்கும் அனுப்பியது. ஒரு பதவிக்காலம் முடிந்ததும் திரும்பிவிடுவதாக மனைவிக்கு வாக்களித்தே தலைநகருக்குப் புறப்பட்டார்.

பதவிக்காலம் முடியும் தறுவாயில் கட்சியின் மாநிலத் தலைவர் பதவி காலியாயிற்று. கட்சியில் இரண்டு அணிகள். ஓரணி நிறுத்தியவரை மற்றது ஏற்கவில்லை. எவருக்கும் பகையில்லாதவர் என்று யாரோ மடைக்காரரின் பெயரை முன்மொழிந்தார். அவர் தமக்கு எதிரே இருந்த தண்ணீர்க் குவளையைப் பார்த்தபடி பேசாதிருந்தார். கால்வாய்க் கூட்டத்தில் வாய் திறந்து 'சரி' என்று சொல்லாதவன் மறுத்துவிட்டான் என்றே கொள்வார்கள், யாரும் வற்புறுத்துவதில்லை. இங்கே வழக்கம் வேறு என்பது கைதட்டல் ஓய்ந்த பிறகே அவருக்கு விளங்கியது.

தலைவர் போட்டியிடாமல் இருக்கலாமா என்று அடுத்த தேர்தலிலும் அவரை நிறுத்தினார்கள், வென்றார். அலுவலக அறையின் சன்னல்கள் குளிர்சாதனத்துக்காக நிரந்தரமாக மூடப்பட்டிருந்தன. காரில் அவருக்கு இருபுறமும் அணிக்கொருவராக அமர்ந்தனர். கழிப்பறை வாசல்வரை காவலர் வந்தார்.

"நீங்க போனா கட்சி ரெண்டாப் பிளந்துடுங்க ஐயா," என்றார் கட்சிச் செயலாளர்.

"நான் இருந்தா மட்டும் ஒட்டிக்கிட்டா இருக்கு?"

"ஒட்டல. ஆனா வெளிய தெரியலையே."

நடவுக் காலத்தில் மனைவி தொலைபேசியில் அழைத்தார்.

"நாத்து தயாரா இருக்கு. ஒத்தையா என்னால முடியாது. வர்றீங்களா, இல்ல நிலத்தை உங்க தம்பிக்குக் குத்தகைக்கு விட்டுடட்டுமா?"

"குத்தகையெல்லாம் வேண்டாம். இன்னிக்குப் பொதுக்குழு. வாயத் திறந்து சொல்லிட்டு வந்துடறேன்."

சொன்னார். மேடையில் எழுந்து, "எனக்கு இந்தப் பதவி வேண்டாம். வயலுக்குப் போகணும். விட்டுடுங்க," என்றார். அவ்வளவே பேச்சு. இப்படியும் பதவி ஆசையற்ற ஒருவரா என்று அரங்கமே எழுந்து நின்றது. இரண்டு அணியினரும் போட்டி போட்டுக்கொண்டு அவரையே மீண்டும் முன்மொழிந்தனர். "வேண்டாம், வேண்டாம்" என்று அவர் கையசைத்தது, கூட்டத்தை வாழ்த்துவதுபோலத் தோன்றியது.

மேடைக்குப் பின்புற அறையிலிருந்து மனைவியை அழைத்தார்.

"சொன்னீங்களா?"

"சொன்னேன்."

"என்ன சொன்னாங்க?"

"எழுந்து நின்னு கைதட்டினாங்க."

எதிர்முனையில் டிராக்டர் உறுமும் ஓசை கேட்டது.

"உங்க தம்பி குத்தகை கேட்டு டிராக்டரோட வரப்புல நிக்கிறாரு. என்ன சொல்லட்டும்?"

தொலைபேசியும் கையுமாக அவர் வாசலுக்கு வந்தபோது, செயலாளர் கார் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். பின்னிருக்கையில் அணிக்கொருவராக இருவர் வழக்கம்போல் நடுவில் இடம் விட்டு அமர்ந்திருந்தனர்.

"உழச் சொல்லு," என்று கூறிவிட்டு, மடைக்காரர் குனிந்து உள்ளே ஏறினார்.